கடல் விலகிய நேரத்தில் நடக்கும் சுறா: ஹெரான் தீவில் ஆறு நாட்கள்

முதல் நாள்: பவளத்துக்கு வெளியே ஒரு வால்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து காலையில் புறப்பட்ட படகு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹெரான் தீவை நெருங்கியபோது கடல் வற்றத் தொடங்கியிருந்தது. தீவு மிகச் சிறியது. 800 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட மணல் திட்டு. நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆனால் அந்த மணலைத் தாங்கி நிற்கும் பவளப் பாறை கிழக்கு நோக்கிச் சுமார் பத்து கிலோமீட்டர் வரை நீண்டு கிடக்கிறது. மகர ரேகை ஏறக்குறைய இதன் மேலாகவே செல்வதால், வெப்பமண்டலக் கடலின் தெற்கு எல்லையில் வந்து இறங்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு உயிரைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம். ஆங்கிலத்தில் ‘எப்பாலெட் ஷார்க்’ என்று அழைக்கப்படும் சுறா அது. எப்பாலெட் என்பது படை அதிகாரிகளின் சீருடையில் தோளின் மேல் பொருத்தப்படும் அணி. இந்தச் சுறாவின் மார்புத் துடுப்புக்கு மேலே, தோள் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை வளையம் சூழ்ந்த பெரிய கரும்புள்ளி ஒன்று இருபுறமும் இருப்பதால் அப்பெயர் வந்தது. தமிழில் இதற்கு வழக்குப் பெயர் ஏதும் இல்லை என்பதால் இந்தக் குறிப்புகளில் ‘தோளணிச் சுறா’ என்றே எழுதுகிறேன். வடக்கு ஆஸ்திரேலியாவின் கரையோரத்திலும் நியூ கினியின் தென்கரையிலும் வாழும் இது, முழுதும் வளர்ந்த பிறகும் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அளந்து பதிவு செய்யப்பட்டவற்றில் மிகப் பெரியது 107 சென்டிமீட்டர்.

சுறா என்றவுடன் ஆழ்கடலும் ஓயாத நீச்சலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நீந்துவதை நிறுத்தினால் மூச்சு முட்டிவிடும் சுறாக்கள் பல இருப்பதும் உண்மையே. தோளணிச் சுறாவோ, கடல் வற்றி, கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் குறைந்த பிறகும் அந்த இடத்தை விட்டுப் போகாமல் தங்குகிறது. மற்ற மீன்கள் விளிம்பு தாண்டி வெளியேறும் நேரத்தில் இது ஏன் தங்குகிறது, தங்குவதற்கு இதன் உடல் என்ன விலை கொடுக்கிறது என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து சேரும்படி பயணத்தை அமைத்துக்கொண்டதும் அதற்காகவே. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில்தான் ஏற்றமும் வற்றமும் மிகுந்து, பவளத் தளம் நன்றாக வெளியே தெரியும்.

பிற்பகல் ஒன்றரை மணியளவில் வற்றம். தீவில் தங்கியிருப்பவர்களைப் பாறைத் தளத்துக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிப் பெண்ணுடன் நடந்தேன். கையில் ஊன்றுகோல், காலில் தடித்த அடியுள்ள காலணி, அடிப்பக்கம் கண்ணாடி பதித்த வாளி, இவ்வளவுதான் கருவிகள். உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காமல், இடையிடையே ஓடும் மணல் தடங்களில் மட்டும் நடக்க வேண்டும்; எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது. கறுப்பு நிறக் கடல் அட்டைகள் எங்கு பார்த்தாலும் கிடந்தன. ராட்சதச் சிப்பிகள் எங்கள் நிழல் பட்டதும் உதடுகளை இழுத்துக்கொண்டன. ஒன்றரை மணி நேரம் தேடியும் சுறாவைக் காணவில்லை.

திரும்பும் வழியில், மேசை போல் விரிந்த ஒரு பவளத்தின் அடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்ததை வழிகாட்டி காட்டினார். தடித்த, பழுப்புப் புள்ளிகள் பரவிய வால். தலை மறைந்தால் போதும் என்பது இந்தச் சுறாவின் வழக்கம். உடலின் பின்பாதி வெளியே கிடந்தாலும் அது அசைவதில்லை. பத்து நிமிடம் அசையாமல் நின்றோம். வாலும் அசையவில்லை. இன்றைக்கு அந்த வால் மட்டும்தான் கிடைத்தது.

இரண்டாம் நாள்: மீசையும் தோளணியும்

காலையில் தீவின் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றிப் பார்த்தேன். 1951இல் தொடங்கப்பட்டு, இப்போது குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கும் நிலையம் இது; 2007இல் நேர்ந்த தீவிபத்தில் பெரும்பகுதி எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. தோளணிச் சுறாவைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்தத் தீவைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே கிடைத்தது. சுறாக்களைக் கையால் பிடித்து, அடையாளத் தகடு பொருத்தி, விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கெடுத்தவர்கள், இந்த ஒரு திட்டில் மட்டுமே ஆயிரக்கணக்கில் இவை இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நேற்று ஒரு வாலை மட்டும் கண்டு திரும்பிய எனக்கு அந்தத் தகவல் நம்பிக்கை தந்தது.

இங்கே கடல் வற்றுவதை, கரையோரத்தில் அலை பின்வாங்குவதைப் போல எண்ணிக்கொள்ளக் கூடாது. பாறைத் தளத்தைச் சுற்றி இருக்கும் விளிம்பு, வற்றத்தின்போது வெளிக்கடலின் மட்டத்தைவிட உயரமாக நிற்கிறது. ஆகவே கடல் விளிம்புக்குக் கீழே இறங்கியதும், தளத்தின் மேல் எஞ்சிய நீர் ஒரு பெரிய தட்டில் ஊற்றி வைத்தது போல அங்கேயே சிறைப்பட்டுப் போகிறது. வெளிக்கடல் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தாலும் உள்நீரின் மட்டம் பல மணி நேரம் மாறாது. புது நீர் உள்ளே வராது. பகலில் இதனால் கெடுதல் இல்லை, ஏனென்றால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகளும் தளத்தின் மேல் வளரும் பாசிகளும் ஒளியில் உணவு தயாரிக்கும்போது நீரில் உயிர்வாயுவை நிறைத்துவிடுகின்றன. இரவிலோ அதே பவளமும் பாசியும் மீனும் நண்டும் புழுவும் எல்லாம் மூச்சுவிட மட்டுமே செய்வதால், சிறைப்பட்ட நீரிலுள்ள உயிர்வாயு மணிக்கு மணி குறைந்து, சில இரவுகளில் வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. தோளணிச் சுறாவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நிலைமையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பிற்பகல் இரண்டே காலுக்கு மறுபடி தளத்தில் இறங்கினேன். இன்று காத்திருப்பது என்று முடிவு செய்து, முழங்காலுக்குக் கீழே நீர் நின்ற ஒரு மணல் குழியின் ஓரத்தில் வாளியை நீரில் அழுத்திப் பிடித்தபடி குனிந்து நின்றேன். கால் மணி நேரம் கழித்து, இடதுபுறப் பவளத்தின் நிழலே நகர்ந்து வருவது போல அது வந்தது.

முக்கால் மீட்டர் நீளம் இருக்கலாம். மணலின் நிறத்தில் உடல். அதன் மேல் கரும்பழுப்புப் புள்ளிகள் தாராளமாக இடைவெளி விட்டுத் தெளித்தது போல இருந்தன. மூக்குத் துளைகளின் ஓரத்தில் இரண்டு சிறிய மீசைகள். கண்ணுக்குக் கீழே கண்ணளவுக்கே பெரிய மூச்சுத் துளை, அதன் பின்னால் ஐந்து செவுள் பிளவுகள். தோளில் இருந்த கரும்புள்ளியை இவ்வளவு அருகில் பார்த்தபோது, அது வெறும் புள்ளியாகத் தோன்றவில்லை. மையின் கருமையும் அதைச் சுற்றிய வெண்ணிற வளையமும் சேர்ந்து, பெரிய விலங்கொன்று பக்கவாட்டிலிருந்து உற்றுப் பார்ப்பது போலவே இருந்தது. எதிரிகளைத் தயங்க வைக்கும் பொய்க்கண் அது என்று கருதப்படுகிறது. அறிவியல் பெயரான ‘ஹெமிசிலியம் ஒசெல்லேட்டம்’ என்பதில் உள்ள இரண்டாம் சொல்லும் சிறு கண்ணை உடையது என்றே பொருள்படுகிறது.

அது நீந்தவில்லை. மார்புத் துடுப்பு ஒன்றை முன்னே எடுத்து மணலில் ஊன்றி, எதிர்ப்புறத்து இடுப்புத் துடுப்பால் பின்னிருந்து தள்ளி, உடலை இடமும் வலமும் வளைத்து வளைத்து, பல்லி நடப்பது போல நடந்து வந்தது. துடுப்புக்குள் இருக்கும் குருத்தெலும்புகள் மற்றச் சுறாக்களில் இருப்பதைவிடக் குறைவாகவும் தளர்வாகவும் அமைந்திருப்பதால், துடுப்பைத் திருப்பவும் மடக்கவும் ஊன்றவும் இதனால் முடிகிறது. குழியையும் அடுத்த குழியையும் பிரித்து நின்ற பவள மேட்டின் மேல் இரண்டு விரல் ஆழம்கூட நீர் இல்லை. முதுகு முழுவதும் காற்றில் தெரிய, நான்கு துடுப்புகளாலும் பற்றிப் பற்றி அதன் மேல் ஏறி, மறுபுறம் இறங்கி, எதுவுமே நடக்காதது போல மணலை மோப்பம் பிடிக்கத் தொடங்கியது.

பிறகு அது இரை தேடுவதைப் பார்த்தேன். மூக்கால் ஒரு உடைந்த பவளத் துண்டைப் புரட்டியது. ஏதோ மணம் அல்லது இரையின் உடலிலிருந்து எழும் மிக மெல்லிய மின் சலனம் எட்டியிருக்க வேண்டும். உடனே தலையை மணலுக்குள் கண் வரைக்கும் நுழைத்தது. ஐந்து செவுள் பிளவுகளிலிருந்தும் மணல் புகை போலப் பீறிட்டது. வாயால் இரையோடு சேர்த்து உறிஞ்சிய மணலைச் செவுள் வழியாக வெளியேற்றி, இரையை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. தலையை வெளியே எடுத்த பிறகு மெல்லத் தொடங்கியது. இரையை அப்படியே விழுங்கிவிடும் பெரும்பாலான சுறாக்களைப் போல் அல்லாமல், இது பல நிமிடங்கள் பொறுமையாக மெல்லும் என்று படித்திருந்தேன். இன்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாடை அசைந்துகொண்டிருந்தது. ஹெரான் தீவில் நடந்த ஆய்வில், இவற்றின் இரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நண்டு முதலிய ஓடுடை உயிர்களும் வளையப் புழுக்களுமே இருந்தன. இளம் சுறாக்கள் புழுவை அதிகம் நாடுகின்றன, வளர்ந்தவை நண்டை.

மூன்றாம் நாள்: பௌர்ணமி, அதிகாலை மூன்று மணி

இந்த நாளுக்காகவே வந்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து, வழிகாட்டியுடனும் இன்னும் இருவருடனும் மரங்களினூடே கரைக்கு நடந்தபோது, தரையில் வளை தோண்டி வாழும் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் குழந்தை அழுவது போல ஓலமிட்டுக்கொண்டிருந்தன. மேற்கே சாய்ந்திருந்த நிலவின் ஒளியில் பாறைத் தளம் வெளிறிப் படர்ந்து கிடந்தது. தொலைவில், விளிம்புக்கு அப்பால், கீழே இறங்கிப் போன கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது. கைவிளக்குகளை நேராக நீரில் பாய்ச்சாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டோம்.

பகலில் பார்த்த குழிகள்தாம், ஆனால் நீர் அசைவின்றி எண்ணெய் போல நின்றது. குழியில் மாட்டிக்கொண்ட சின்னஞ்சிறு மீன்கள் சில நீரின் மேற்பரப்பை ஒட்டி வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றின் அடியில், மணலில் வயிற்றைப் பதித்து, ஒரு தோளணிச் சுறா படுத்திருந்தது. செவுள்கள் அசைவது தெரிகிறதா என்று நெடுநேரம் பார்த்தேன். நேற்று இரை மென்றபோது விரைவாகத் திறந்து மூடிய பிளவுகள் இன்று எண்ணி எண்ணித் திறந்தன.

அந்த நேரத்தில் அதன் உடலுக்குள் நடப்பதைக் கண்டறிந்தவர்களில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் ஜிலியன் ரென்ஷாவும் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஜோரன் நில்சனும் முக்கியமானவர்கள். உயிர்வாயு வழக்கமான அளவில் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட நீரில் மூன்றரை மணி நேரம் இருந்த பிறகும் இச்சுறா தன்னுணர்வு இழக்கவில்லை என்பதும், 30 டிகிரி வெப்பத்தில், உயிர்வாயுவே இல்லாத நீரில் ஒரு மணி நேரத்தைக் கேடின்றித் தாங்கியது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தன. இந்த வெப்ப அளவுதான் என்னைப் பெரிதும் வியக்க வைக்கிறது. உயிர்வாயு இல்லாமல் நெடுநேரம் தாங்கும் மீன்களும் ஆமைகளும் வேறு உண்டு என்றாலும், அவை பெரும்பாலும் குளிர்ந்த நீரில், உடலின் இயக்கம் ஏற்கெனவே மந்தமாகிவிட்ட நிலையில் அதைச் செய்கின்றன. வெதுவெதுப்பான நீரில் உடலின் தேவை பன்மடங்கு கூடும். அந்தத் தேவையின் நடுவில் இது மூச்சை அடக்கி வாழ்கிறது. மனித மூளை உயிர்வாயு இன்றிச் சில நிமிடங்களே தாங்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும்.

செய்யும் முறை இன்னும் நுட்பமானது. இதயத் துடிப்பு குறைகிறது. இரத்த அழுத்தம் ஏறக்குறையப் பாதியாக இறங்குகிறது. ஆனால் மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதால், மூளைக்குச் செல்லும் இரத்தம் மட்டும் குறைவதில்லை. மூளைக்குள்ளும் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் ஓய்வெடுப்பதில்லை: உடலை இயக்கும் நரம்பு மையங்கள் தம் செலவைச் சுருக்கிக்கொள்கின்றன, புலன்களைக் கவனிக்கும் மையங்களோ விழித்தே இருக்கின்றன. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சுறா உறங்கவில்லை. அசைவதைத்தான் நிறுத்தி வைத்திருந்தது. உடன் வந்தவர் ஒருவரின் ஊன்றுகோல் தவறி நீரில் பட்டபோது, அது தலையைச் சற்றே திருப்பி, ஒரு அடி நடந்து, மறுபடி படுத்துக்கொண்டது.

பௌர்ணமியை நோக்கி வற்றம் நாளுக்கு நாள் ஆழமாவதில் ஒரு பொருள் இருக்கிறது. உயிர்வாயுக் குறைவை மீண்டும் மீண்டும் சந்தித்த சுறா, அடுத்த முறை இன்னும் குறைந்த அளவிலும் தாக்குப்பிடிக்கிறது என்றும், முன்பயிற்சி பெற்ற உடல் அடக்கத்துக்கு விரைவில் தயாராகிறது என்றும் ரென்ஷா குழுவினர் காட்டினர். முந்தாநாள் இரவு சிறிது, நேற்று இரவு இன்னும் சிறிது, இன்று முழு வற்றம் என்று கடலே அதைப் படிப்படியாகப் பழக்குகிறது. நான் பயண வசதிக்காகப் பார்த்த ஓத அட்டவணை அந்தச் சுறாவுக்குப் பயிற்சி அட்டவணை என்பது அந்த இருட்டில் நின்றபோதுதான் மனத்தில் உறைத்தது.

தங்குவதால் கிடைப்பதும் கண்ணெதிரே தெரிந்தது. பெரிய சுறாக்களும் களவா மீன்களும் இந்த நீர்மட்டத்துக்குள் வர முடியாது. மூச்சுத் திணறும் நண்டும் புழுவும் இறாலும் தப்பி ஓடும் வலிமையின்றிக் கிடக்கும். எதிரி இல்லாத, இரை சோர்ந்திருக்கும் சில மணி நேரம் இது. பிறகு கிழக்கில் வெளிச்சம் எட்டிப் பார்த்தபோது விளிம்பின் மேல் முதல் அலை வழிந்தது. குழியில் நீர் குளிர்ந்ததை என் காலே உணர்ந்தது. சுறாவின் செவுள்கள் வேகமெடுத்தன.

நான்காம் நாள்

காற்று பலமாக வீசியதால் நீரின் அடி தெரியவில்லை. தளத்தில் அதிகம் நிற்கவில்லை.

அறைக்குள் இருந்து பெயரின் வரலாற்றை எழுதி வைத்தேன். 1770இல் ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல் பவளப் பாறையில் மோதிச் சேதமடைந்து, பழுதுபார்ப்பதற்காக இப்போதைய குக்டவுன் இருக்கும் ஆற்றுவாயில் வாரக்கணக்கில் நின்றது. அந்தப் பயணத்தில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் சேகரித்தவற்றில் ஓர் இளம் தோளணிச் சுறாவும் இருந்தது. 1788இல் பிரெஞ்சு அறிஞர் பியர் ஜோசப் போனதேர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். விபத்தால் ஒதுங்கிய கப்பலின் வழியாக, வற்றத்தில் ஒதுங்கி வாழும் இந்தச் சுறா நூல்களுக்குள் வந்தது.

நடக்கும் சுறாக்கள் இதனுடன் சேர்த்து ஒன்பது இனங்கள். அனைத்தும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியையும் நியூ கினியையும் கிழக்கு இந்தோனேசியத் தீவுகளையும் சுற்றியே வாழ்கின்றன. மரபணுக்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு, இவை தம் நெருங்கிய உறவினத்திலிருந்து பிரிந்து ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்று கணித்து, சுறாக்களிலேயே மிக இளைய குடும்பக்கிளை இவைதாம் என்றது. சுறா என்னும் உயிரினத் தொகுதிக்கே 40 கோடி ஆண்டுகள் வயது சொல்லப்படும் நிலையில் இது நேற்று நடந்தது போன்றது. கடலின் நெடிய வரலாற்றில் நடப்பதைப் பழங்கால வழக்கம் என்று நினைத்திருந்த நான் அந்த எண்ணத்தைத் திருத்திக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்: ஒரு முட்டைக் கூடு

காலையில் வடகரையோரம் நடந்தபோது, அலை ஒதுக்கிய பாசிக்குள் ஒரு காய்ந்த பொருள் கண்ணில் பட்டது. கருப்பாகச் சுருங்கிய தோல் பை போன்றது. ஏறத்தாழ என் உள்ளங்கை நீளம், நான்கு விரல் அகலம்கூட இல்லை. ஒரு முனை கிழிந்து திறந்திருந்தது. எடுக்கக் கூடாது என்பதால் மண்டியிட்டுப் பார்த்தேன். வழிகாட்டியிடம் படத்தைக் காட்டியபோது, தோளணிச் சுறாவின் முட்டைக் கூடாக இருக்கலாம் என்றார். கடந்த பருவத்தில் குஞ்சு வெளியேறிய கூடாக இருக்க வேண்டும்.

இந்தச் சுறா குட்டி போடுவதில்லை, முட்டையிடுகிறது. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, பெண் சுறா பதினான்கு நாட்களுக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவில், இரண்டு இரண்டு கூடுகளாக இட்டுச் செல்கிறது. புணர்ச்சியின்போது ஆண், பெண்ணின் செவுள் பக்கத்தைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பின் தாயின் காவலும் கிடையாது, தந்தையின் காவலும் கிடையாது. முட்டை உருவாக்குவது எந்த உயிருக்கும் பெருஞ்செலவு என்றே கருதப்பட்டு வந்தது. ஆனால் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இச்சுறாக்களின் மூச்சை அளந்து 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முட்டை உருவாகும் காலத்திலும் அவற்றின் ஆற்றல் செலவு கூடவில்லை என்று தெரிந்தது. மூச்சில் சிக்கனம் பழகிய உடல் இதிலும் சிக்கனமாகவே இருக்கிறது.

கூட்டுக்குள் கருவுக்கு நான்கு மாத வாழ்க்கை. ஓரளவு வளர்ந்ததும் கூட்டின் ஓரத்தில் பிளவு உண்டாக, கரு தன் வாலை இடைவிடாமல் ஆட்டி வெளிநீரை உள்ளே வரவழைத்துக்கொள்கிறது. வெளிவரும் குஞ்சு 14 முதல் 16 சென்டிமீட்டர் நீளம். உடல் முழுவதும் கருப்பும் வெளிறலுமாகப் பட்டைகள். வளர வளரப் பட்டைகள் கலைந்து புள்ளிகளாகின்றன. அந்த வயதில் அது பவளக் கிளைகளின் இடுக்கை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. முட்டையிடும் வயதை எட்டக் குறைந்தது ஏழு ஆண்டுகள் ஆகும்.

வெப்பம் கூடினால் இந்தக் கணக்கு மாறுகிறது. பாஸ்டன் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து மீன் காட்சியகத்தில் முட்டைகளை 27, 29, 31 டிகிரி நீரில் வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. 27 டிகிரியில் 125 நாள் எடுத்துக்கொண்ட கரு, 31 டிகிரியில் 100 நாட்களில் வெளியே வந்துவிட்டது. சீக்கிரம் பிறப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே மஞ்சள் கருவை அது வேகமாகத் தின்று தீர்த்திருந்தது. சிறுத்துப் பிறந்து, உடலில் சேமிப்பு ஏதுமின்றி, உடனே இரை தேட வேண்டிய நிலையில் இருந்தது. நேற்று முன்தினம் இரவு நான் பார்த்த அடக்கம் அத்தனையும் தற்காலிகமான இன்மையைத் தாங்குவதற்கானது. சில மணி நேரத்தில் கடல் திரும்பி வரும் என்ற உறுதியின் மேல் கட்டப்பட்டது. இறங்காத வெப்பத்துக்கு அப்படித் திரும்பும் நேரம் கிடையாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இவ்வினம் இன்று கவலைக்குரியதாக இல்லை. இருந்தாலும் 2024இன் வெப்ப அலையில் இந்தத் தென்பகுதித் திட்டுகளும், ஹெரான் உட்பட, கடுமையாக வெளுத்தன; வெளுத்து மடிந்த பவளக் கிளைகள் உடைந்து சரிந்தால் குஞ்சுகள் ஒளிய இடுக்கு இராது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஆறாம் நாள்: ஓதம் ஏறும்போது

நேற்று முற்பகலில் ஓதம் நிறைந்திருந்தபோது, மூச்சுக் குழாய் அணிந்து தளத்தின் மேல் மிதந்ததை எழுத விட்டுவிட்டேன். குழிகள் எல்லாம் ஓர் ஆளுயரத்துக்கு மேல் முழுகிப் போயிருந்தன. துடுப்பின் நுனி கறுத்த கருநுனிச் சுறாக்கள் மூன்று விரைந்து கடந்தன. தீவின் கிழக்கு முனையில் உழுவைத் திருக்கைகளும் எலுமிச்சைச் சுறா ஒன்றும் தெரிந்தன. இந்த நேரத்தில் இத்தளம் அவற்றின் வேட்டைக்களம். தோளணிச் சுறாக்களில் ஒன்றைக்கூட வெளியில் காணவில்லை. ஒரு பெரிய பவளத்தின் கீழே எட்டிப் பார்த்தபோது, நீரோட்டத்தை நோக்கி முகம் வைத்து இரண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருந்தன.

இன்று விடியலோடு வற்றம். மதியத்தில் படகு என்பதால் கடைசியாக ஒரு முறை ஐந்து மணிக்கே தளத்தில் நின்றேன். விடியலும் அந்தியும் இவை மிகுந்த சுறுசுறுப்பாக இருக்கும் பொழுதுகள். நிறைய நடமாட்டம் இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஐந்து சுறாக்களை எண்ணினேன், அவற்றில் ஒன்று என் முன்கை நீளமே உள்ள இளையது, அதன் வாலில் மட்டும் குஞ்சுப் பருவத்துப் பட்டைகள் இன்னும் மங்கலாக இருந்தன. இரண்டாம் நாள் நான் நின்ற அதே மணல் குழிக்கு அருகில் ஒரு பெரியது மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. முதல் நாள் வாலை மட்டும் காட்டியதும் இதுதானா என்று அறிய வழியில்லை.

சூரியன் எழுந்து சற்று நேரத்தில் விளிம்பின் பக்கமிருந்து நீர் வரத் தொடங்கியது. முதலில் மணலில் ஒரு மெல்லிய படலம். பிறகு குழிக்கும் குழிக்கும் இடையிலிருந்த மேடுகள் ஒவ்வொன்றாக முழுகின. பெரிய சுறா இரை தேடுவதை நிறுத்தி, வந்துகொண்டிருந்த நீருக்கு எதிராகத் திரும்பிச் சிறிது நேரம் அப்படியே நின்றது. முழங்கால் வரை நீர் ஏறியபோது நான் பின்வாங்கிக் கரைக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கையில் அது இடது துடுப்பை ஊன்றி, வலது துடுப்பை ஊன்றி, மேசைப் பவளத்தின் அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. வால் வெளியே இருந்தது.